பாதுகாப்புக் காலணி (நெய்வேலி)

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் பணியாற்றுவோர் அணியும், விரல் பகுதிக்குள் கவசம் பொதிந்த காலணி. பாதுகாப்புக் காலணி என்பது ஏட்டில் உள்ள பெயர். நகரியத்தின் வட்டங்களிலும் ஷிஃப்ட் பஸ்ஸிலும் அது ‘சேஃப்டி ஷூ’தான். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கப் போட்டுக்கொள்ளும் முழங்கால் உயர ரப்பர் காலணிக்குக் ‘கம்பூட்ஸ்’ என்று பெயர். எட்டு மணி நேரமும் காலை வருத்தாத, சில மாதங்களிலேயே பிரிந்துபோகாத ஒரு ஜோடி அமைவது எந்தத் தொழிலிலும் கடினம். நெய்வேலியின் மண்ணும் தட்பவெப்பமும் அதை இன்னும் கடினமாக்குகின்றன.

நிலம்

1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரிய பொருளிலிருந்து நெய்வேலியின் கதை தொடங்குகிறது. இந்தச் சுரங்கங்களை நடத்தும் நிறுவனம் 1956-இல் உருவானது. 1957 மே மாதம் மண் அகற்றும் வேலை தொடங்கியது. 2016 முதல் நிறுவனத்தின் பெயர் என்.எல்.சி. இந்தியா. இங்குள்ளவை திறந்தவெளிச் சுரங்கங்கள். கூரை இடிந்து விழும் பயம் இல்லை. சரிவும் காலடியும்தான் கவலை.

மேலே செம்மண், அதன்கீழ் கடலூர் மணற்கல், இடையிடையே களிமண், அடியில் நிலக்கரி என்று அடுக்கடுக்காக இறங்குகிறது நிலம். காய்ந்த மணற்கல் உப்புத்தாள் போலச் சோலைத் தேய்க்கும். நனைந்த களிமண் சோப்பாக வழுக்கும். சோலின் வெட்டுகளில் அப்பிக்கொண்டால் எவ்வளவு நல்ல பிடிமானமும் வழவழப்பாகிவிடும். நிலக்கரியின் எடையிலேயே ஏறக்குறைய பாதி ஈரம். படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுரங்கத்தின் தரை மேலே எழும்பிவிடும். ஆகவே கோடையிலும் காலடியில் எங்காவது ஈரம் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வேறு.

ஒருவர் இந்த மண்ணில் நடக்க, இதே ஊரில் இன்னொருவர் மண்ணை வெட்டும் சக்கர வாளி எந்திரத்தின் இரும்பு ஏணியில் ஏறி, துளைத் தகட்டு நடைபாதையில் ஷிஃப்ட் முழுவதும் நிற்கிறார். ஏணியில் ஏறுபவருக்குக் குதிப்பகுதி தனியாகத் துருத்திக்கொண்டிருக்கும் சோல் வேண்டும். படியில் கால் நழுவும்போது அந்த விளிம்புதான் கொளுவிப் பிடிக்கும். கன்வேயர் பெல்ட் ஓரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நடப்பவருக்குக் கனம் குறைந்தது வேண்டும். அனல்மின் நிலையத்தில் சூடான சாம்பலும் எண்ணெயும் படும். இத்தனைக்கும் ஒரே மாதிரிக் காலணி ஈடுகொடுக்காது.

சட்டமும் தரமும்

ஒரே நகரியத்தில் இரண்டு சட்டங்கள் நடந்தன: சுரங்கத்துக்கு 1952-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம், மின் நிலையத்துக்கு 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் இரண்டும் இணைக்கப்பட்டன. சுரங்க விதிகளின் கண்ணில் பழுப்பு நிலக்கரியும் நிலக்கரிதான். 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறைகளும், அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்தவையும் சுரங்கத்தில் வேலை செய்பவர் பாதுகாப்புக் காலணி அணிய வேண்டும் என்கின்றன. அதை இலவசமாகக் கொடுப்பது சுரங்க நிர்வாகத்தின் கடமை. மேற்பார்வை தன்பாத்தில் தலைமையகம் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்துடையது.

காலணியின் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுக்கிறது. ஐ.எஸ். 15298 வரிசையில் இரண்டாம் பகுதிக் காலணியின் விரல் கவசம் 200 ஜூல் அடியைத் தாங்கும். அதாவது 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் போட்ட அடி. மூன்றாம் பகுதியில் இது 100 ஜூல். நான்காம் பகுதியில் கவசமே கிடையாது. மூன்றும் வெளியே பார்க்க ஒன்றுபோலத் தோன்றும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு நின்றுவிடாமல் எந்தப் பகுதி என்பதையும் நாக்கின் உட்புறத்தில் படித்துப் பார்க்க வேண்டும். சுரங்கத் தொழிலாளருக்கான தோல் பூட்ஸுக்கென்று ஐ.எஸ். 1989-இன் முதல் பகுதி தனியாக உண்டு.

எஸ் 1, எஸ் 2, எஸ் 3 என்ற குறிகளும் நாக்கின் உட்புறத்தில் இருக்கும். எஸ் 1 என்றால் குதிகால் மூடியது, நிலைமின்னைக் கடத்திவிடுவது, குதியில் அதிர்வைத் தாங்குவது. எஸ் 2 என்றால் மேல்தோலும் நீரை எளிதில் உள்ளே விடாது. எஸ் 3 என்றால் ஆணி துளைக்காத அடித்தகடும் வெட்டுள்ள சோலும் சேரும். நெய்வேலிச் சுரங்கத்தின் ஈர மண்ணுக்கு எஸ் 3-க்குக் குறைந்தது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ‘எச்.ஆர்.ஓ.’ என்று இருந்தால் சோல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு நிமிடம் தாங்கும். சாம்பலுக்கும் பாய்லருக்கும் அருகே வேலை செய்பவர் தேட வேண்டிய எழுத்துகள் அவை.

இரண்டு தவறான எண்ணங்களைத் திருத்த வேண்டும். நிலைமின்னைக் கடத்தும் காலணி மின்சாரம் தாக்காமல் காக்கும் காலணி அன்று. உயரழுத்தக் கேபிள் அருகே வேலை செய்பவர் அதை நம்பி இறங்கக் கூடாது. இரும்புக் கவசம் மடங்கி விரலை வெட்டிவிடும் என்ற பேச்சுக்கும் பொருளில்லை. கவசத்தையே நசுக்கும் பாரம் வெறும் விரலை விட்டுவைக்கப்போவதில்லை.

அளவு

காலணியைத் தொழிலாளி வெறுப்பதும் விரும்புவதும் இங்கேதான் முடிவாகிறது. காலைக் கடிக்கும் ஷூவை எந்த விதியாலும் எட்டு மணி நேரம் மாட்டிவைக்க முடியாது. மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் போனதும் லேஸ் தளரும், குதி மிதிபடும், ஷூ செருப்பாகிவிடும். குதி மிதிபட்ட ஷூவுக்குக் கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் சக்தி கிடையாது. காலுக்கு இதம் என்பதைச் சொகுசாக எண்ணி ஒதுக்குவது பெரிய பிழை. பாதுகாப்பே அதிலிருந்துதான் தொடங்குகிறது.

நம் காலின் அமைப்பு ஒரு முக்கியக் காரணம். செருப்பு போட்டும் வெறுங்காலுடனும் வளர்ந்த பாதம் முன்புறம் அகன்றிருக்கும். நம் கடைகளில் உள்ள எண்களோ இங்கிலாந்து அளவுகள். சென்னை அடையாற்றில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலமானது என்று கண்டு, ‘பா’ என்ற பெயரில் இந்திய அளவு முறையை முன்வைத்தது. சாதாரணச் செருப்பில் அகலம் போதாவிட்டால் வார் கொஞ்சம் இளகும். இரும்புக் கவசம் இளகாது. சுண்டுவிரல் கவசத்தின் உள்விளிம்பில் தினமும் உரசி, முதலில் கொப்புளமாகி, பிறகு கால் ஆணியாகிறது. அகலம் போதாதவர் ஒரு எண் கூட்டி வாங்குகிறார். விரல் தப்பிக்கிறது, குதி நழுவ ஆரம்பிக்கிறது. எண்ணைக் கூட்டுவதற்குப் பதிலாக, அதே எண்ணில் அகல அச்சில் செய்ததைக் கேட்க வேண்டும். இந்த அச்சைத் தொழிலில் ‘லாஸ்ட்’ என்பார்கள்.

ஷூவை மாலையில், ஷிஃப்ட் முடிந்து கால் சற்று வீங்கியிருக்கும்போது, வேலைக்குப் போடும் அதே சாக்ஸுடன் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவில் இருப்பது அரிது; பெரிய காலுக்கு ஏற்ற எண்தான் சரி. எழுந்து நின்று நடப்பதோடு விடாமல், கடையிலேயே குத்துக்காலிட்டு உட்கார வேண்டும். ரோலர் மாற்றும்போதும் போல்ட் முறுக்கும்போதும் அப்படித்தான் உட்காருகிறோம். கால் மடங்கும் அந்த நிலையில் கவசத்தின் பின்விளிம்பு விரல்களின் அடிமூட்டில் குத்தினால் அந்த ஷூ பழகப் பழகச் சரியாகும் என்று விற்பவர் சொல்வதை ஏற்கக் கூடாது. தோல் பழகும், இரும்பு பழகாது.

சர்க்கரை நோய் உள்ளவர் இன்னும் கவனிக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவருக்கு ஷூ கடிப்பதே தெரியாது. சாக்ஸில் ரத்தம் பார்த்த பிறகுதான் தெரியும். ஷிஃப்ட் முடிந்ததும் கண்ணாடி வைத்தாவது உள்ளங்காலைப் பார்ப்பதும், உள்ளே கையை விட்டுத் துழாவிக் கல்லோ ஆணியோ இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஷூவை மாட்டுவதும் அவருக்கு அன்றாட வேலையாக வேண்டும்.

உழைப்பு

நல்ல தோல், இரட்டைத் தையல், காலணியோடு சேர்த்தே வார்த்த சோல் ஆகியவை உழைக்கும் ஷூவின் அடையாளங்கள். தோலைப் பொறுத்தவரை தமிழ்நாட்டுக்குக் குறையில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தின் வாழ்வே அதுதான். ஆனால் ஷூ பெரும்பாலும் தோலில் கெடுவதில்லை, சோலில் கெடுகிறது.

இன்று கனம் குறைந்த சேஃப்டி ஷூக்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் சோல், கடையில் ‘பி.யூ.’ என்பார்கள். மெத்தென்று இருக்கும், காலுக்கு இதம். அதில் பாலியெஸ்டர் வகைக்கு வெப்பமும் ஈரக்காற்றும் எதிரி. காற்றிலுள்ள நீர் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெல்ல அறுக்கிறது. வேதியியலில் இதை நீராற்பகுப்பு என்பர். இதில் கொடுமை, போடாமல் வைத்திருந்தாலும் அறுபடும். புது ஜோடியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பரண்மேல் வைத்துவிட்டு, சில வருடம் கழித்து எடுத்து மாட்டி நடந்தால், வாசல் தாண்டுமுன் சோல் பழைய ரொட்டி போல உதிர்ந்து வழியெல்லாம் கொட்டும். பார்வைக்கு அதுவரை புதிது. கட்டைவிரலால் சோலின் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தால் முன்கூட்டியே தெரிந்துவிடும்: நல்லது அமுங்கி மீளும், கெட்டது அழுத்திய இடத்தில் மயிரிழை வெடிப்புகளைக் காட்டும். ஆகவே வாங்கும்போது தயாரித்த மாதமும் ஆண்டும் பார்க்க வேண்டும். ஸ்டோர்ஸிலும் பழைய இருப்பை முதலில் கொடுத்துத் தீர்ப்பதே முறை. நீராற்பகுப்பைப் பாலிஈதர் வகை பி.யூ. கூடுதலாகத் தாங்கும். நைட்ரைல் ரப்பர் சோல் இன்னும் நன்றாகத் தாங்கும், சூட்டுக்கும் ஈடுகொடுக்கும், கனம்தான் சற்று அதிகம்.

நனைந்த ஷூவை வெயிலில் வைப்பதும் அடுப்பருகே வைப்பதும் தோலை வெடிக்க வைக்கும். உள்தட்டை வெளியே எடுத்து, பழைய செய்தித்தாளைத் திணித்து நிழலில் காற்றாட வைத்தால் ஈரம் இழுக்கப்படும். மழைக்காலத்தில் ஒரே இரவில் அது காயாது. இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றிப் போடுபவருக்கு இரண்டும் கூடுதல் நாள் உழைக்கும், சேற்றுப்புண்ணும் அண்டாது. கம்பூட்ஸுக்குள் வேர்வை வெளியேற வழியில்லை. சேற்று வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். தேய்ந்த முனையில் இரும்பு வெளியே தெரிந்தாலோ, கனமான பொருள் ஒருமுறை கவசத்தின்மேல் விழுந்துவிட்டாலோ, மற்ற பாகங்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த ஜோடியை மாற்றிவிட வேண்டும்.

பெண்களுக்கான அளவு

திறந்தவெளிச் சுரங்கங்களில் பெண்கள் இரவிலும் பணிபுரிய 2019-இல் மத்திய அரசு அனுமதி அளித்தது. காலணி மட்டும் பெரும்பாலும் ஆண்களின் அச்சிலேயே செய்யப்படுகிறது. பெண்களின் பாதத்தில் முன்பகுதியோடு ஒப்பிட்டால் குதி ஒடுங்கியிருக்கும். ஆண்களின் ஷூவில் சின்ன எண்ணைக் கொடுத்தால் விரல் இறுகும், குதி ஆடும். இரட்டை சாக்ஸ் போட்டு இடைவெளியை நிரப்பினால் மே மாத வெயிலில் கால் வெந்துபோகும், ஆட்டமும் நிற்காது. பெண்களின் அச்சில் செய்த ஜோடியைத் தனியாகக் கேட்டு வாங்குவதும், கொள்முதல் பட்டியலில் அதற்குத் தனி வரி எழுதுவதுமே வழி.