மூன்று மணி நேரமும் மிச்சப் பொழுதும்

1

1953ஐப் பற்றி நம்மிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. ராஜாஜி குலக்கல்வி கொண்டுவந்தார், பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்தார்கள், ராஜாஜி போனார், காமராசர் வந்தார், திட்டம் ஒழிந்தது. கதை சரிதான். ஆனால் ஜெயித்தவர்கள் கதையைச் சுருக்கிச் சொல்வதில் ஒரு வசதி உண்டு: எதை ஜெயித்தோம், எது அப்படியே கிடக்கிறது என்று திரும்பக் கேட்க வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தின் கால அட்டவணையை மட்டும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு இங்கே வாசித்துப் பார்க்கிறேன்.

அரசு அதற்கு வைத்த பெயர் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். 'குலக்கல்வி' எதிர்த்தவர்கள் வைத்த பெயர். அந்தப் பெயரை வைத்ததே பாதிப் போராட்டம். 1953 ஜூனில், நகராட்சி எல்லைக்கு வெளியே இருந்த பள்ளிகளில் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. காலையில் ஒரு தொகுதிப் பிள்ளைகள், பிற்பகலில் இன்னொரு தொகுதி. அதே வாத்தியார், அதே கொட்டகை, இரண்டு மடங்கு பிள்ளைகள். பதினான்கு வயதுவரை எல்லாருக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசியல் சட்டத்தின் 45வது பிரிவு பத்தாண்டுக் கெடு வைத்திருந்தது, கஜானாவில் பணமில்லை. இது அரசு சொன்ன நியாயம். மிச்சப் பொழுதில் பையன் அப்பனிடம் தொழில் பழகட்டும், பெண் அம்மாவிடம் வீட்டு வேலை பழகட்டும் என்றார்கள்.

2

தொழிலைக் கல்வியோடு சேர்ப்பது என்ற யோசனை ராஜாஜியோடு பிறந்ததல்ல. 1937இல் காந்தி வார்தாவில் முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு வடிவம் கொடுத்த ஆதாரக் கல்வியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் குழுவின் அட்டவணையில் பள்ளிநாள் ஐந்தரை மணி நேரம். அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கு. தாய்மொழிக்கு 40 நிமிடம். நூற்பு, நெசவு போன்றவற்றுக்கு வகுப்புவாரியாகப் பாடத்திட்டமே எழுதினார்கள். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்று வாத்தியார் சம்பளத்தை ஈடுகட்டலாம் என்ற அதன் கணக்கு ஆபத்தானது. இது குழந்தை உழைப்பல்லவா என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. ஆனாலும் அங்கே தக்ளி பள்ளிக்கூடத்துக்குள்ளே வந்தது. கர்ணம் மகனும் அதைத் தொட்டாக வேண்டும்.

1953 செய்தது இதைத் தலைகீழாக. தொழில் பள்ளிக்கூடத்துக்கு வெளியே போனது. மூன்று மணி நேரத்துக்கு வாத்தியார் உண்டு, புத்தகம் உண்டு, தேர்ச்சி உண்டு. மிச்சப் பொழுதுக்குத் தேர்வும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. தொழிலை மதிப்பதாகச் சொன்ன திட்டம், தொழிலறிவு எதையும் பாடமாக ஏற்றுக்கொள்ளவில்லை. குயவருக்கு மண்ணைப் பற்றித் தெரிந்ததும், நெசவாளருக்குப் பாவைப் பற்றித் தெரிந்ததும் அறிவு என்று பதிவாகவில்லை. அது 'அப்பன் வேலை' என்றே நின்றது.

இன்னொன்று. அப்பனுக்கு என்ன தொழில் என்று கேட்டால் ஊரில் பாதிப்பேருக்கு என்ன பதில் இருந்தது? நிலமில்லாத கூலிக்காரர், செத்த மாட்டை அப்புறப்படுத்துகிறவர், மலம் அள்ளுகிறவர். இவர்கள் பிள்ளைகளுக்கு மிச்சப் பொழுது என்ன 'பாடம்' வைத்திருந்தது? கர்ணத்தின் மகனுக்கோ வீடே இன்னொரு பள்ளிக்கூடம். எழுத்தும் கணக்கும் அங்கே பரம்பரைச் சொத்து. ஆக, பள்ளி தந்த மூன்று மணி நேரம் இருவருக்கும் ஒன்று. பள்ளி திருப்பிக் கொடுத்த இரண்டு மணி நேரம் ஒருவனுக்கு ஏடு, மற்றவனுக்குச் சாணி. சாதி குடியிருந்தது அந்த மிச்சப் பொழுதில்தான். எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒரே பொழுதை வெட்டித்தான் அரசு சிக்கனம் செய்தது.

3

எதிர்ப்பு இதைச் சரியாகவே பிடித்தது. 1953 ஜூலையில் தி.மு.க. நடத்திய மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இது. பெரியார் ஊர் ஊராகப் பேசினார். அதே மாதம் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு 138க்கு 138 என்று வாக்கு விழுந்தது. அவைத்தலைவரின் வாக்கால் அது தோற்றது. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பும் தீர்மானம் 139க்கு 137 என்று தேறியது. பருலேகர் தலைமையிலான குழு திட்டத்தை ஆதரித்தே அறிக்கை தந்தது. நிபுணர்கள் ஒருபக்கம், தெரு ஒருபக்கம். தெரு வென்றது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டதாக சி. சுப்பிரமணியம் அறிவித்தார். புதிய பள்ளிகளும், 1956இல் மதிய உணவும் வந்தன. பிள்ளையைப் பள்ளியில் நாள் முழுக்க உட்காரவைக்கச் சோறும் தேவை என்பது அந்த மிச்சப் பொழுதுக்குச் சொன்ன நேரடியான பதில்.

ஆனால் இன்னொரு கேள்வி கேட்கப்படவே இல்லை. தொழிலைச் சாதியிலிருந்து பிடுங்கி, எல்லாப் பிள்ளைக்கும் பாடமாக்க முடியுமா? 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தொழிற்பிரிவும் சேர்ந்தே வந்தது. பொது இயந்திரவியல், வேளாண்மை, நெசவு, அலுவலகச் செயலரியல், கணக்குத் தணிக்கை என்று பட்டியல் நன்றாகத்தான் இருந்தது. ஆசிரியர்களில் பலரைப் பகுதிநேரமாகத் தொகுப்பூதியத்தில் போட்டார்கள். நான் படித்த பள்ளியில் 'ஒக்கேஷனல் குரூப்' என்றாலே பத்தாவதில் மார்க் குறைந்தவன் என்று அர்த்தம். ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்காதவனுக்கு அடுத்தது, அதுவும் கிடைக்காதவனுக்கு அதற்கடுத்தது, கடைசியில் கொல்லைப்புறக் கொட்டகையில் லேத். அங்கே உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே எங்களுக்குத் தெரியும். அப்பனைக் கேட்டுப் போட்ட பிரிவை இப்போது மார்க்கைக் கேட்டுப் போட்டார்கள்.

4

மிச்சப் பொழுதும் எங்கும் போய்விடவில்லை. 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறிக்கு 60. மனப்பாடத்திலிருந்து பிள்ளைகளை மீட்க நினைத்த நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் அந்தச் செயல்பாடுகள் பல வீட்டுக்கு வந்தன. சார்ட், படம், மாதிரி. படித்த அம்மா இருக்கிற வீட்டில் அம்மா செய்தார். காசிருக்கிற வீட்டில் கடை செய்தது. இரண்டும் இல்லாத வீட்டில் பிள்ளை வாத்தியாரிடம் திட்டு வாங்கியது. பயிற்சிகளை முடித்துக் கொடுப்பது பிள்ளையின் திறமை என்று பதிவேடு சொல்கிறது. அது யாருடைய பொழுது என்று பதிவேட்டில் கட்டம் இல்லை.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை பத்து நாள் புத்தகப்பை இல்லாமல் தச்சரிடமும் குயவரிடமும் பழகச் சொல்கிறது. 2023இல் தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் 'குடும்பவழித் தொழில்' என்கிறது. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கோரி, இந்த வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழக அரசு கடிதம் எழுதியது. குலக்கல்வி என்ற பழைய சொல் உடனே மேடைக்குத் திரும்பியது. திரும்ப வேண்டியதுதான். அதோடு நின்றுவிட்டால் போதாது என்பதே என் வாதம்.

ஒரு கல்வித் திட்டம் எந்தத் தொழிலைக் கற்பிக்கிறது என்பதைவிட, அதை யாருக்கு, எந்த நேரத்தில், யார் செலவில் கற்பிக்கிறது என்று கேட்க வேண்டும். தச்சு எல்லாருக்கும் பாடமா, தச்சர் மகனுக்கு மட்டுமா? பட்டறை பள்ளிக்குள்ளா, வீட்டிலா? தச்சுக்கு வாங்கும் மார்க்கும் இயற்பியலுக்கு வாங்கும் மார்க்கும் கல்லூரி வாசலில் ஒரே எடையா? இந்த மூன்றுக்கும் பதில் தராத திட்டம் எந்தக் கட்சிக் கொடியோடு வந்தாலும், எவ்வளவு இனிய பெயரோடு வந்தாலும், அதன் கால அட்டவணையை ஒருமுறை விரித்துப் பாருங்கள்.