வில் வளர்ந்த வரலாறு

புனே நகரின் கிழக்கே, ஹடப்சரை அடுத்து, மகர்பட்டா என்னும் புதுநகர் அமைந்திருக்கிறது. மகர் குடும்பத்தைச் சேர்ந்த உழவர்கள் தத்தம் விளைநிலங்களை ஒன்று சேர்த்து, சுமார் 400 ஏக்கர் பரப்பில் தாமே எழுப்பிய நகர் அது. கட்டட வேலை 2000ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இன்று அங்குள்ள கணினி அலுவலகங்களில் பணிபுரியும் இளைஞருள் தமிழரும் உண்டு. அவர்களுட் சிலர் க்ரூஸர் என்னும் தாழ்ந்த, நீண்ட மோட்டார் சைக்கிளில் வருவதை நாம் காண்கிறோம். நகரின் உள்வீதிகளில் அவ்வண்டி படகுபோல் மிதந்து செல்லும். சோலாப்பூர்ச் சாலையை அடைந்து ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஓட்டுபவரின் இடுப்பு அதை உணரும். உடனே, “இவ்வண்டிக்கு நல்ல ஷாக் அப்சார்பர் மாற்றினால் என்ன?” என்ற எண்ணம் எழுகிறது. அவ்வெண்ணத்திற்கு விடை காணுமுன் வில்லின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

தொடக்க கால மோட்டார் சைக்கிள்களிற் பெரும்பாலானவற்றில் பின்சக்கரத்திற்கு வில் இல்லை. அச்சு நேரே சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்தது. இருக்கையின் அடியிலிருந்த இரு சுருள்வில்களே ஓட்டுபவருக்குத் துணை. 1932இல் இங்கிலாந்தில் வெளிவந்த முதல் ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் அவ்வகையினதே. முன்சக்கரத்திற்கு விமோசனம் சற்று முன்னரே கிட்டிற்று. ஒரு குழாய் மற்றொன்றினுள் ஏறி இறங்க, உள்ளிருக்கும் எண்ணெய் அந்த ஆட்டத்தை அடக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை, 1935இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் வண்டிகளிற் பொருத்தி விற்றது.

பின்சக்கரத்தின் கதை வேறு. அது விறைப்பாக நின்றால்தான் தரையைப் பற்றும் என்று அந்நாளைய பந்தய வீரர் பலர் நம்பினர். 1948இல் ராயல் என்ஃபீல்டு இந்நம்பிக்கையைச் சோதிக்கத் துணிந்தது. ஸ்விங் ஆர்ம் எனப்படும் அசையும் கவையில் பின்சக்கரத்தை மாட்டி, எண்ணெயால் அடக்கப்பட்ட இரு வில்களை அதன்மேல் நிறுத்தி, புதிய புல்லட்டைக் கரடுமுரடான பாதைப் போட்டிகளுக்கு அனுப்பிற்று. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் பந்தயத்தில், அவ்வண்டியை ஓட்டிய இருவர் தங்கப் பதக்கம் பெற்றனர். அடுத்த ஆண்டு, 1949இல், அது விற்பனைக்கு வந்தது. மேட்டில் ஏறியும் பள்ளத்தில் இறங்கியும் சாலையைத் தொடரும் சக்கரமே தரையைப் பற்றும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இந்த வண்டிதான் பின்னர் நம் நாட்டிற்கு வந்தது. இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்கென இதனைத் தேர்ந்தது. 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு என்ஃபீல்டு இந்தியா தோன்றி, திருவொற்றியூரில் புல்லட்டை உருவாக்கலாயிற்று. நம் கரடுமுரடான சாலைகளில் அது நிலைபெற்றதற்கு, எஞ்சினின் உரத்தோடு பின்சக்கரத்தின் வில்லும் காரணமாகும்.

க்ரூஸரின் தோற்றமோ அமெரிக்காவின் நீண்ட, நேரான சாலைகளில் பிறந்தது. அங்கே ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் பெரிய வண்டி 1949இல் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் பெற்றது. பின்வில் பெறவோ 1958 வரை காத்திருந்தது. வில் வந்த பின்னரும் வில்லில்லாத பழைய சட்டத்தின் அழகை மக்கள் மறக்கவில்லை. ஆகவே 1984ஆம் ஆண்டு மாதிரியாக வெளியான ஸாஃப்ட்டெயில் வண்டியில், வில்களைச் சட்டத்தின் அடியில் மறைத்து, பழைய வடிவத்தையே காட்டினர். க்ரூஸரின் தாழ்ந்த பின்புறம் அந்தப் பழங்காலத்தின் எச்சம் எனலாம். தாழ்ந்த வண்டியில் சக்கரம் ஏறியிறங்க இடம் குறைவு. கால்களோ முன்னே நீண்டிருப்பதால், பள்ளம் கண்டதும் கால் ஊன்றி எழ இயலாது. அதிர்ச்சி முழுவதும் தண்டுவடத்தையே சேர்கிறது.

இனி மாற்றம் செய்யும் முறைக்கு வருவோம். வில் சுமையைத் தாங்குகிறது. எண்ணெய் வில்லின் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் இளைத்தால் வண்டி ஒரு மேட்டைக் கடந்த பின்னும் ஆடிக்கொண்டிருக்கும். கடினமான வில்லை மாட்டிவிட்டால் இது தீராது. அதிர்ச்சி மிகும், சக்கரம் தரையை விட்டு எழும், பிரேக்கும் பயன்படாது போகும். உயிருக்கு ஊறு நேர்வது அங்கேதான்.

எனவே முதலிற் செய்யத்தக்கது செலவில்லாத வேலை. 2020இல் திருவொற்றியூரின் வழிவந்த நிறுவனம் வெளியிட்ட மீட்டியார் 350 என்னும் க்ரூஸரில், பின்வில்லை ஆறு படிகளில் முடுக்கலாம். முடுக்குவதால் வில் கடினமாவதில்லை. வண்டியின் உயரமே மாறுகிறது. ஓட்டுபவர் அமர்ந்ததும் வில் தன் முழு ஓட்டத்தில் நாலில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்குதல் பொதுவாகத் தகும். பின்னால் ஒருவர் ஏறினால் ஒன்றிரண்டு படி கூட்டவேண்டும். முன் ஃபோர்க்கில் பழைய எண்ணெயை மாற்றுவதும் பெரும் பயன் தரும். இவ்வளவிற்குப் பின்னும் குறை நீங்காவிடில், உடல் எடைக்கேற்ற வில்லோடு, பழையதன் நீளமே உடைய புதிய ஷாக் அப்சார்பரை வாங்கலாம். நீளம் மிகுந்தால் பின்புறம் உயர்ந்து, முன்சக்கரத்தின் சாய்வு மாறி, வண்டியின் நேரோட்டம் கெடும்.

மகர்பட்டாவின் இளைஞருக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஷாக் அப்சார்பர் செய்யும் கேப்ரியல் நிறுவனத்தின் தலைமையகமும், 1966இல் தோன்றிய இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகமும் அவர்களது நகரிலேயே உள்ளன. வில்லின் நுட்பம் அறிந்த கைகளுக்கு அங்கே பஞ்சமில்லை. வண்டியின் மெருகை நோக்கும் கண், அடுத்த முறை அதன் பின்புறத்தில் எண்ணெய் கசிகிறதா என்றும் ஒருகணம் நோக்குமாயின், சாலையில் அவருக்கும், பின்னமர்ந்து வருபவருக்கும், எதிரே வருபவருக்கும் நன்மை விளையும்.