உதடு ஒட்டாத ஓர் அத்தியாயம்

1939-ல் எர்னெஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர் 'காட்ஸ்பி' என்றொரு நாவல் வெளியிட்டார். ஐம்பதாயிரம் சொற்களுக்கு மேல். ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் 'ஈ' எழுத்து, ஓரிரு இடங்களில் தப்பித்தவறி நுழைந்ததைத் தவிர, அதில் கிடையாது. டைப்ரைட்டரில் அந்த எழுத்தைக் கட்டிப்போட்டுவிட்டு எழுதினாராம். புத்தகம் வந்த அதே வருடம் இறந்தும் போனார். முப்பது வருடம் கழித்து, 1969-ல், ஜார்ஜ் பெரெக் இதையே பிரெஞ்சில் செய்து காட்டினார்.

இதெல்லாம் மேற்கத்திய விளையாட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஆனால் சேக்காட்டிலிருந்து பூந்தமல்லி போய் பஸ் ஏறினால் வந்துவிடுகிற காஞ்சியில், சுமார் 1,300 வருடங்களுக்கு முன்பே ஒருத்தர் இதைச் செய்திருக்கிறார். அவர்தான் தண்டி.

தண்டியலங்காரம் என்ற பெயர் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேட்டிருப்போம். அதன் மூலநூலான 'காவ்யாதர்சம்' எழுதியவர் பல்லவர் காலத்துக் காஞ்சிக்காரர். உரைநடைக் கதையும் எழுதியவர். அவருடைய 'அவந்திசுந்தரி கதை'யில் சொந்தக் கதையும் வருகிறது: முப்பாட்டனார் தாமோதரர் சிம்மவிஷ்ணுவின் அவைக்கு வந்தது, பகைப்படை காஞ்சியைச் சூழ்ந்தபோது தான் ஊர் ஊராக அலைந்து திரும்பியது எல்லாம்.

நம் விஷயம் அவருடைய 'தசகுமார சரிதம்'. பத்து இளைஞர்கள் தங்கள் சாகசங்களைச் சொல்லும் கதை. ஏழாம் அத்தியாயத்தில் மந்திரகுப்தன் முறை வருகிறது. முந்தைய காதல் விளையாட்டில் அவன் உதடு கடிபட்டுப் புண்ணாகியிருக்கிறது. அதனால் உதடு ஒட்டும் ப-வர்க்க எழுத்துகள் ஐந்தும் இல்லாமலே, ம-வும் அதில் சேர்த்தி, முழுக் கதையையும் சொல்லி முடிக்கிறான்.

இதற்கு நிரோட்டகம் என்று பெயர். தமிழில் இதழகல். தமிழ் விதி இன்னும் கறார்: ப, ம, வ கூடாது, உதடு குவியும் உ, ஊ, ஒ, ஓ, ஔ கூடாது. குறள் 341-ஐ இதற்கு உதாரணம் சொல்வார்கள். அதில் உதடு ஒட்டாது, உண்மைதான். ஆனால் கறாராகப் பார்த்தால் 'நோ' என்ற ஒரே எழுத்தில் குவிந்துவிடும்.

எவ்வளவு கஷ்டம் என்று பார்க்க பைத்தானில் இருபது வரி ஸ்க்ரிப்ட் எழுதி எங்கள் பக்கத்து ஊர்ப்பெயர்களைப் போட்டேன். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் அவுட். சேக்காடு கடைசி எழுத்தில் கோட்டை விட்டது. காஞ்சி தேறியது. தண்டியும் தேறினார்! அம்மா, அப்பா இரண்டும் போச்சு. அது, இது, வந்து, போய் என்று நம் பேச்சை ஓட்டுகிற சொற்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

17-ஆம் நூற்றாண்டில் சிவப்பிரகாசர் இதே விதியில் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். போட்டிக்கு வந்த புலவர் ஒரு பாட்டை முடிப்பதற்குள் இவர் முப்பதையும் முடித்தார் என்பது வழிவழியாக வரும் கதை. பாட்டுடைத் தலைவன் முருகன். அந்தப் பெயரைச் சொல்ல முடியாது! வேல், மயில், குமரன், ஆறுமுகன் எதுவும் ஆகாது. கந்தன், செந்தில் ஆகும். போதாததற்கு மடக்கு வேறு, அந்தாதி வேறு.

சித்திரகவி என்றாலே கழைக்கூத்து, சரக்கில்லாதவன் காட்டும் வித்தை என்று ஒரு அபிப்பிராயம் உண்டு. எனக்கும் இருந்தது. தண்டியைப் படித்த பிறகு அதை அப்படியே வைத்துக்கொள்ள முடியவில்லை. ரைட், முடியாது என்றவர்களுக்கு முடியும் என்று காட்ட எழுதினார். தண்டியிடம் அந்தத் தடை கதாபாத்திரத்தின் உடம்பிலேயே இருக்கிறது. மந்திரகுப்தனின் உதட்டுப் புண் ஒவ்வொரு வாக்கியத்திலும் தெரிகிறது. அதை வாசகனுக்கு நினைவுபடுத்த ஒரு வரிகூடச் செலவழிக்க வேண்டியதில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், மொழிபெயர்ப்பாளர் மெனக்கெடாவிட்டால் இதன் தடமே தெரியாது. நானே வருடங்களுக்கு முன் மொழிபெயர்ப்பில் அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, சாதாரண சாகசக் கதை என்று தாண்டிப் போயிருக்கிறேன். நாகரி எழுத்து தெரிந்தவர்கள் மூலத்தில் ஒரு பக்கம் எடுத்து, உதட்டில் விரல் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பாருங்கள்.