சூரியக் கடிகார வரைபடங்களில் எழுத்துரு

கணினியில் வரைந்த சூரியக் கடிகாரத்தில் மணிக்கோடுகள் சரியாக இருந்தும், அச்சில் மணி எண்கள் இடம் மாறி விழுவது பழைய சிக்கலாகும். வரைவு மென்பொருள்கள் எழுத்தைக் கையாண்ட விதமே இதற்குக் காரணம். கிரீனிச்சின் அகலாங்கான 51.5 பாகைக்கு அமைக்கும் கிடைத்தளக் கடிகாரத்தில் நண்பகல் கோட்டுக்கும் ஒரு மணிக் கோட்டுக்கும் இடையே 11.8 பாகை உள்ளது. ஆரம் 100 மி.மீ. எனில் விளிம்பில் அந்த இடைவெளி ஏறத்தாழ 21 மி.மீ. ஆகும். எண் 3 மி.மீ. நகர்ந்தால், எண்ணை மட்டும் பார்ப்பவர் 9 நிமிடம் வரை பிழையாகப் படிப்பார். பித்தளையில் வெட்டியபின் திருத்துவது கடினம்.

1967இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் ஹெர்ஷி, எழுத்துகளைக் கோட்டுத் துண்டுகளாக அமைத்து அறிக்கை வெளியிட்டார். 1982இல் வந்த ஆட்டோகேட் இத்தகைய கோட்டெழுத்தையே பயன்படுத்தியது. அதன் எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் ஒவ்வொரு கோட்டையும் 16 திசைகளுள் ஒன்றாலும் ஒரு நீளத்தாலும் குறிக்கலாம். பேனாவால் வரையும் அச்சுப்பொறிக்கு இது பொருத்தமாக இருந்தது. நேர்கோடுகளாலேயே ஆன உரோமன் எண்களைக் கல்லில் உளி வெட்டுவது போல இதுவும் எளிதாக வரைந்தது.

1990களில் ட்ரூடைப் எழுத்துருக்கள் பரவின. இவை எழுத்தின் வெளிவரம்பைத் தருகின்றன. உள்ளே நிரப்பும் அமைப்பை நிறுத்திவிட்டால் வெற்று வரம்பு மட்டும் அச்சாகும். செதுக்கும் இயந்திரமும் அதே வரம்பைத் தொடர்ந்து ஒரு கோட்டுக்கு இரண்டு கோடு போடும். அதனால் பழைய கோட்டெழுத்து இன்றும் செதுக்குவோரிடம் வழக்கில் உள்ளது.

பெரும்பாலான தொல்லைக்கு வேர் வேறிடத்தில் உள்ளது. வரைபடக் கோப்பில் எழுத்துரு இருப்பதில்லை. அதன் பெயர் மட்டுமே இருக்கும். அச்சகத்துக் கணினியில் அந்த எழுத்துரு இல்லையெனில் மாற்று எழுத்துரு இடப்படும். ஆட்டோகேட்டில் அது வழக்கமாக சிம்ப்ளெக்ஸ். அகலம் மாறுவதால், இடது கீழ்முனையைப் பற்றி வைத்த எண் கோட்டிலிருந்து விலகும். எண்ணின் நடுப்புள்ளியைப் பற்றி வைத்தால் அகலம் மாறினாலும் எண் கோட்டின் நேரிலேயே நிற்கும். இந்த எளிய ஏற்பாட்டைப் பலரும் செய்வதில்லை.

அகலாங்கைப் பொறிக்கத் தேவையான பாகைக் குறியும் இடையூறு தரும். அதை நேரடியாகத் தட்டச்சிட்டால் சில எழுத்துருக்களில் கேள்விக்குறியாக மாறிவிடும். இரண்டு விழுக்காட்டுக் குறிகளை அடுத்து டி எழுத்தை இடுவதே ஆட்டோகேட்டில் பாதுகாப்பான முறை.

அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தைக் கோடுகளாக உடைப்பது உறுதியான வழி. ஆனால் பின்னர் பிழை கண்டால் எழுத்தைத் திருத்த இயலாது, ஆகவே மூலக் கோப்பைத் தனியே வைத்திருக்க வேண்டும். 1993இல் அறிமுகமான பிடிஎஃப் வடிவம் எழுத்துருவைத் தன்னுள் பொதிந்து செல்லும். எனினும் அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதைத் தேர்ந்தால் அளவு சுருங்கிவிடும். எனவே முதல் தாளில் 100 மி.மீ. கோடு ஒன்றை அச்சிட்டு அளவுகோலால் அளந்து பார்ப்பது வழக்கம்.