பொழுதால் அளந்த கடல்

மாணவர்களே, கரையோரமாகக் கலம் செலுத்துவோன் அடுத்த துறையின் தூரத்தை முன்னரே மதிப்பிட வேண்டும். எடுத்துச் செல்லும் குடிநீரும் உணவும் அதனைப் பொறுத்தவை. கடலில் மைல்கல் ஏது? ஆகவே பண்டைக் கிரேக்கர் பயணப் பொழுதைக் கொண்டே தூரத்தைக் கணித்தனர்.

கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் என்னும் வரலாற்றாசிரியர் கருங்கடலை இவ்வாறே அளந்தார். கப்பல் நீண்ட பகலில் 70,000 பாகமும், இரவில் 60,000 பாகமும் செல்லும் என்று கொண்டார். பாகமாவது, இரு கைகளையும் விரித்த நீளம். பாஸ்பரஸ் நீரிணையிலிருந்து கீழ்க்கோடியிலுள்ள பாசிஸ் ஆறு வரை 9 பகலும் 8 இரவும் ஆகும். ஆகத் தூரம் 11,10,000 பாகம். அதாவது ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். உண்மையான நேர்வழியோ சுமார் 1,050 கிலோமீட்டரே!

ஆசிரியனாகிய நான் இக்கணக்கைச் சரிபார்த்தேன். பெருக்கலிலும் கூட்டலிலும் பிழையில்லை. கொண்ட வேகமே மிகையானது. பிற்காலத்தவரான மார்சியன் என்னும் நிலநூலார் இதன் நுட்பத்தை உணர்த்தினார். நற்காற்றில் ஒரு நாளில் 700 ஸ்டேடியம், அதாவது 70,000 பாகம், செல்வது பொது வழக்கு. எனினும் கட்டுமானச் சிறப்பால் 900 செல்லும் கலமும், குறையால் 500 மட்டுமே செல்லும் கலமும் உண்டு என்றார்.

கயிற்றில் கட்டிய மரத்துண்டைக் கடலில் எறிந்து, ஓடும் கயிற்றின் நீளத்தால் வேகத்தை அளக்கும் முறையை ஆங்கிலேயரான வில்லியம் போர்ன் 1574-இல் நூலில் விளக்கினார். ஊகித்த வேகம், அளந்த வேகமாயிற்று. கணக்கு எத்துணைச் செம்மையாயினும், அடிப்படை ஊகமாயின் விடையும் ஊகமே என்பதை நினைவிற்கொள்வீர்களாக.