மண் தடப் பந்தயக் காரில் ஸ்பிரிங் மாற்றமும் வளைவு நுழைவும்

அமெரிக்காவின் நீள்வட்ட மண் தடங்களில் கார்கள் இடப்பக்கம் மட்டுமே திரும்புகின்றன. ஒகையோவில் 1954இல் ஏர்ல் பால்டஸ் தொடங்கிய எல்டோரா, அயோவாவின் நாக்ஸ்வில் ஆகிய அரை மைல் தடங்கள் இவ்வகையில் பெயர் பெற்றவை. திருப்பம் ஒரே பக்கம் என்பதால் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு விதமான ஸ்பிரிங் போடுவது இங்கே சாதாரணம். (ஸ்பிரின்ட் கார் என்ற பந்தயக் கார் வகையில் பெரும்பாலும் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்குக் கம்பிதான். கணக்கு ஏறக்குறைய ஒன்றே.)

வளைவை நெருங்கும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கைத் தொட்டு, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடிக்கிறார். எடை முன் வலச் சக்கரத்தின் மேல் போய் விழுகிறது. பின் இடச் சக்கரம் லேசாகிறது. முன்சக்கரங்கள் பிடி இழந்து கார் திரும்ப மறுத்தால் அது ‘டைட்’. பின்பக்கம் வெளியே சறுக்கினால் ‘லூஸ்’. மண்ணில் ஓரளவு லூஸ் இருந்தே ஆக வேண்டும்.

ஸ்பிரிங்கின் விறைப்பு, அதை ஓர் அங்குலம் அமுக்கத் தேவைப்படும் பவுண்டு கணக்கில் சொல்லப்படுகிறது. முன் வல ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் நுழைவு பொதுவாக டைட் ஆகும். இளக்கினால் முன்பக்கம் பிடிக்கும். பின் வல ஸ்பிரிங்கை இளக்கினால் பின்பக்கம் தரையைக் கவ்வும், லூஸ் குறையும். பின் இட ஸ்பிரிங் இரட்டை வேலைக்காரன்: விறைப்பாக்கினால் நுழைவில் லூஸ், வெளியேறும்போது டைட். நுழைவு மட்டும் சரியில்லை என்றால் அதைத் தொடாமல் வலப்பக்க ஸ்பிரிங்குகளில் ஒன்றை மாற்றிப் பார்ப்பதே நல்லது.

பலர் சறுக்கும் இடம் வேறு. 600 பவுண்டு சுமக்கும் முன் வல ஸ்பிரிங் 400 விறைப்புள்ளது என்றால் 1.5 அங்குலம் அமுங்கியிருக்கும். அதை எடுத்துவிட்டு 300 போட்டால் 2 அங்குலம் அமுங்கும்; அந்த மூலை தாழ்ந்துவிடும். மேலிருக்கும் திருகு வளையத்தால் உயரத்தை மீட்காவிட்டால், முன் வலம், பின் இடம் என்ற மூலைவிட்ட ஜோடியின் எடை குறைந்து, அதனாலேயே கார் லூஸ் ஆகும். பலனை ஸ்பிரிங்கின் கணக்கில் எழுதிவிடுவார்கள். உயரத்தைச் சரிசெய்யாத சோதனை, சோதனையே அல்ல.

இன்னொருவர் காரின் ஸ்பிரிங் எண்ணைக் கடன் வாங்குவதும் வீண்; ஸ்பிரிங் பொருத்தப்படும் அமைப்பு காருக்குக் கார் மாறும். சக்கரம் ஓர் அங்குலம் ஏறும்போது ஸ்பிரிங் 0.7 அங்குலம் மட்டுமே அமுங்கும் அமைப்பில், 0.7இன் வர்க்கம் 0.49 என்பதால், 400 பவுண்டு ஸ்பிரிங் சக்கரத்தில் 196 பவுண்டாகவே வேலை செய்யும்.

தடமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மாலையில் தண்ணீர் விட்ட மண் பிசுபிசுப்பாகப் பிடிக்கும். இரவு இறுதிப் போட்டிக்குள் காய்ந்து வழவழப்பாகிவிடும். பிடிக்கும் மண்ணுக்கு விறைப்பும் வழுக்கும் மண்ணுக்கு இளக்கமும் பொருந்தும் என்பது பொதுவான அனுபவம். ஒரு தடவைக்கு ஒரு ஸ்பிரிங்கை மட்டும் மாற்ற வேண்டும்.

அதற்கு முன் ஓட்டுநரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரேக் பிடிக்கும்போது மட்டும் லூஸ் ஆகிறது என்றால், ஸ்பிரிங்கைக் கழற்றுமுன் பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்.