காற்றுச் சுரங்கத்திற்குத் தேன்கூட்டுத் துண்டு தேடுகிறீர்களா?

செராஸ் வட்டாரத்தில் பிள்ளையின் அறிவியல் படைப்புக்காகச் சிறிய காற்றுச் சுரங்கம் செய்யும் பெற்றோருக்கு இது உதவும். சுழன்று வரும் காற்றை நேராக்குவது தேன்கூட்டுத் தட்டு. அலுமினியத் தேன்கூடு பெரும்பாலும் பெரிய தகடாகவே விற்கப்படுகிறது. கையளவு துண்டுக்குக் கட்டுப்படியாகாது. ஏர் கூலரின் ‘தேன்கூட்டு’ அட்டையை வாங்கி ஏமாறாதீர்கள். அதன் வழிகள் சாய்வானவை, காற்றைத் திருப்பிவிடும்.

உறிஞ்சுகுழலே போதும். கோலாலம்பூர் உணவகங்களில் 2020 முதல் நெகிழிக் குழலுக்குத் தடை இருப்பதால் காகிதக் குழல் எளிதில் கிடைக்கும். நீளம், துளையின் அகலத்தைப்போல் 6 முதல் 8 மடங்கு இருக்க வேண்டும். ஆகவே 6 மில்லிமீட்டர் குழலை 4 சென்டிமீட்டராக நறுக்குங்கள். 12 சென்டிமீட்டர் சதுரத்துக்குச் சுமார் 400 துண்டுகள், அதாவது ஏறக்குறைய 100 குழல்கள். நறுக்கப் பொறுமை வேண்டும்!

தட்டு முன்வாயிலிலும் விசிறி பின்னாலும் இருக்கட்டும். விசிறி காற்றை உள்ளே தள்ளாமல் இழுக்க வேண்டும். ஊதுபத்திப் புகை கோடு போட்டதுபோல் ஓடினால் வேலை முடிந்தது.